சுங்கை நிபோங்கில் ஐந்து பேர்

2013 ஆகஸ்டு 19ஆம் தேதி விடியற்காலை, பினாங்குத் தீவின் சுங்கை நிபோங் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குள் காவல்துறையினர் நுழைந்தார்கள். உள்ளே இருந்த ஐந்து பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஐவரும் இந்தியர்கள். '04' என்ற எண்ணால் அறியப்பட்ட குண்டர் கும்பலைச் சேர்ந்தவர்கள், கெடாவிலும் பினாங்கிலும் நடந்த பல துப்பாக்கிச் சூடுகள் தொடர்பாகத் தேடப்பட்டவர்கள் என்று காவல்துறை அறிவித்தது. அவர்கள் முதலில் சுட்டார்கள், நாங்கள் திருப்பிச் சுட்டோம் என்பது அது தந்த விளக்கம்.

அந்த ஐவரும் குற்றமற்றவர்கள் என்று நான் வாதிட வரவில்லை. அவர்கள்மேல் சொல்லப்பட்டவை அத்தனையும் உண்மையாக இருக்கலாம். அவர்கள் சுட்டிருக்கவும் கூடும். தன்னை நோக்கிச் சுடுகிறவனைத் திருப்பிச் சுட எந்த நாட்டுச் சட்டமும் காவலருக்கு இடம் தருகிறது. ஆனால் அந்த வீட்டுக்குள் நடந்ததைச் சொல்ல மிஞ்சியிருப்பவர்கள் ஒரே தரப்பினர். சாட்சி ஒரு பக்கம் மட்டுமே உயிரோடு இருக்கும்போது, உண்மையை யார் விசாரிப்பது? மலேசியாவில் இந்தக் கேள்விக்குச் சட்டம் இன்னும் உறுதியான பதில் தரவில்லை.

அந்த ஆண்டின் அச்சத்தை மறந்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 2013இன் நடுப்பகுதியில் நாளிதழைப் பிரித்தால் எங்கோ ஒரு துப்பாக்கிச் சூட்டுச் செய்தி இருந்தது. ஜூலை 29ஆம் தேதி கோலாலம்பூரில் அராப்-மலேசியன் வங்கியின் நிறுவனர் உசேன் அகமது நஜாடி பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். மோட்டார் சைக்கிளில் இருவர் வந்தால் கடைக்காரர்கள் ஏறிட்டுப் பார்த்த காலம் அது. குண்டர் கும்பல்களிடம் அதிகம் அடிபட்டவர்களும் இந்தியர்களே: மாமூல் கொடுத்த வியாபாரிகள், பள்ளி வாசலிலேயே பிள்ளையைக் கும்பலுக்குப் பறிகொடுத்த தாய்மார்கள். ஆகஸ்டு நடுவில் 'ஓப்ஸ் சந்தாஸ் காஸ்' என்ற பெயரில் நாடு தழுவிய தேடுதல் வேட்டை தொடங்கியபோது, அதை வரவேற்றவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். சுங்கை நிபோங் சம்பவம் நடந்தது அதற்குச் சில நாட்களுக்குள்.

அப்போது பிரதமர் துறையில் துணை அமைச்சராக இருந்த பொ. வேதமூர்த்தி, காவல்துறையின் அணுகுமுறையை வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். அதற்காகக் கடுமையான கண்டனங்களைச் சந்தித்தார். குண்டர்களுக்கு வக்காலத்தா என்று கேட்டவர்கள் பலர். அந்த எதிர்ப்பைப் புரிந்துகொள்ள முடிகிறது, ஏற்க முடியவில்லை. மரண விசாரணை கேட்பது குற்றவாளிக்குத் தரும் ஆதரவு ஆகாது. சுட்ட காவலர் சட்டப்படி நடந்திருந்தால் அவருக்கும் அதுவே கேடயம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு, சட்டத்தின்படியன்றி எவருடைய உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. கைதானவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். விரும்பிய வழக்கறிஞரை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் அவரை நிறுத்த வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, கைதை எதிர்ப்பவரைப் பிடிக்கத் தேவையான எல்லா வழிகளையும் கையாளக் காவலரை அனுமதிக்கிறது. ஆனால் உடனே ஒரு வரம்பும் கட்டுகிறது: மரண தண்டனை, ஆயுள் சிறை அல்லது அதற்கு ஈடான மிக நீண்ட சிறைத் தண்டனைக்குரிய குற்றம் சுமத்தப்படாத ஒருவரின் உயிரைப் போக்க அந்தப் பிரிவு உரிமை தரவில்லை. சாலைத் தடுப்புப் போடவும், சந்தேக நபரைப் பிடித்து வைக்கவும், 117ஆவது பிரிவின்கீழ் குற்றத்தின் தன்மைக்கேற்ப 7 நாளோ 14 நாளோ தடுப்புக் காவல் ஆணை பெறவும் வழி இருக்கிறது. ஒரு தேடுதல் வேட்டைக்கு வேண்டிய கருவிகள் பெரும்பாலும் சாதாரணச் சட்டத்திலேயே உள்ளன. காவல்துறையின் கை கட்டப்பட்டிருக்கிறது என்ற பேச்சு அப்போது ஓங்கி ஒலித்ததால் இதைச் சொல்கிறேன்.

அந்தப் பேச்சுக்கு ஒரு பின்னணி உண்டு. 1969 மே கலவரத்துக்குப் பின் வந்த அவசரகாலச் சட்டம், குண்டர் என்று சந்தேகிக்கப்பட்ட எவரையும் 60 நாள் போலீஸ் காவலில் வைக்கவும், பிறகு அமைச்சரின் கையெழுத்தில் இரண்டிரண்டு ஆண்டுகளாக விசாரணையின்றி அடைத்து வைக்கவும் இடம் தந்தது. ஜொகூரின் சிம்பாங் ரெங்கம் என்ற பெயரைக் கேட்டாலே பல இந்தியக் குடும்பங்களுக்கு இன்றும் வயிறு கலங்கும். அங்கே போய் மகனைப் பார்த்து வந்த தாய்மார் எத்தனையோ பேர். 2011 செப்டம்பரில் பிரதமர் நஜிப் ரசாக் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தோடு இதையும் கைவிடுவதாக அறிவித்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுதலையானார்கள். 2013இல் துப்பாக்கிகள் வெடித்தபோது, அவர்களை வெளியே விட்டதுதான் காரணம் என்று உள்துறை அமைச்சும் காவல்துறையும் சொல்லின.

அந்தக் காரணத்தை அப்படியே ஒப்புக்கொண்டாலும் அது வேறொன்றைக் காட்டிக் கொடுக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆட்களைச் சாட்சியும் தடயமும் இல்லாமல் உள்ளே வைக்க முடிந்ததால், சாட்சி திரட்டி நீதிமன்றத்தில் குற்றத்தை நிரூபிக்கும் பழக்கம் தளர்ந்துவிட்டது. கதவு திறந்த அன்று, யார்மேலும் வழக்குத் தொடுக்கத் தேவையான கோப்பு கையில் இல்லை. 2004இல் அமைக்கப்பட்டு 2005இல் 125 பரிந்துரைகளை வழங்கிய துன் சைடின் தலைமையிலான அரச ஆணையம், காவல்துறையின் புலனாய்வுத் திறனை வளர்க்கவும், அதன்மேல் வரும் புகார்களை விசாரிக்கச் சுதந்திரமான ஆணையம் ஒன்றை அமைக்கவும் கேட்டிருந்தது. அந்தச் சுதந்திரமான ஆணையம் கேட்ட உருவில் வரவே இல்லை.

மாறாக, 2013 அக்டோபரில் நாடாளுமன்றம் 1959ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, விசாரணையற்ற காவலை வேறு வாசல் வழியாகத் திரும்பக் கொண்டுவந்தது. அமைச்சருக்குப் பதில் ஒரு வாரியம்; இரண்டாண்டுக் காவல், அதை நீட்டிக்கவும் இடம்; நீதிமன்றம் நடைமுறைப் பிழையை மட்டுமே பார்க்கலாம். 2014 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அதே அக்டோபரில் மலாக்காவில் நடந்த ஒரு கூட்டத்தில் உள்துறை அமைச்சர் அகமட் ஸாஹிட் ஹமிடி, எச்சரிக்கை எதுவும் தேவையில்லை, முதலில் சுடுவதே நல்லது என்ற பொருளில் பேசியது வெளியே வந்தது. ஒரு தனி அதிகாரியின் கோபம் என்று அதை விட்டுவிட முடியாது. துப்பாக்கி ஏந்தியவர்களின் அமைச்சர் அவர். கதவுக்கு முன் நிற்கும் காவலரின் விரலுக்கு மேலிடத்தின் சொல் எட்டுகிறது.

பினாங்கு இதையெல்லாம் முதன்முறையாகப் பார்த்த ஊரும் அல்ல. 1867 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுனில் கீ ஹின், துவா பெக் கோங் என்ற இரண்டு சீன இரகசியச் சங்கங்கள் பத்து நாள் தெருச் சண்டை போட்டன. முகரம் ஊர்வலங்களைச் சுற்றி வளர்ந்த வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடிச் சங்கங்கள் இரு பக்கமும் சேர்ந்துகொண்டன. மலாய்க்காரர்களோடும் ஜாவிப் பெக்கான்களோடும் தமிழ் முஸ்லிம்களும் அவற்றில் இருந்தார்கள். கேனன் தெருவும் ஆர்மேனியன் தெருவும் போர்க்களமாயின. நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசின் பிடியிலிருந்து விலகி அரச குடியேற்றமாகி நான்கு மாதமே ஆகியிருந்தது. ஆளுநர் ஹாரி ஓர்டின் அரசு இரண்டு காரியம் செய்தது. ஒன்று, ஆபத்தான சங்கங்களை ஒடுக்க 1869இல் ஒரு சட்டம். சங்கங்களைப் பதிவேட்டுக்குள் கொண்டுவந்த அந்த மரபின் பேரப்பிள்ளைதான் இன்றைய 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம். மற்றொன்று, நடந்ததை விசாரிக்க ஓர் ஆணையம். அது சாட்சிகளை அழைத்தது, வாக்குமூலங்களைப் பதிவு செய்தது, அறிக்கை வெளியிட்டது. இன்று வரலாற்றாசிரியர்கள் அந்தப் பத்து நாளைப் பற்றி இவ்வளவு எழுத முடிவதற்கு அந்த அறிக்கையே காரணம். குடியாட்சி என்ற பெயர்கூட இல்லாத ஒரு காலனி அரசு, கலவரம் முடிந்த கையோடு தன் பங்கு உட்பட நடந்ததைக் கேட்டு எழுதி வைத்தது. 2013இன் ஐந்து மரணங்களுக்கு அதைவிடக் குறைவான விசாரணையை நாம் எப்படி ஏற்க முடியும்?

சங்கங்கள் சட்டத்தின் நிழலில் இன்னொன்றும் 2013 ஆகஸ்டு கடைசியில் நடந்தது. உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டு, அவற்றின் உறுப்பினர்கள் 40,313 பேர் என்றும், அவர்களில் 28,926 பேர், அதாவது நூற்றுக்கு 71 பேர், இந்தியர்கள் என்றும் அறிவித்தது. நாட்டு மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறக்குறைய 7 விழுக்காடு. இந்த எண்களை மறைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தோட்டங்கள் விற்கப்பட்டு, வீடும் வேலையும் கோயிலும் ஒரே நாளில் போய், ஈடாக நகர விளிம்பில் ஒரு குறைந்த விலை அடுக்குமாடி வீடு கிடைத்த தலைமுறையின் கதை அந்த எண்களில் இருக்கிறது. ஆனால் தேடுதல் வேட்டை உச்சத்தில் இருந்த வாரத்தில், விளக்கம் எதுவும் இல்லாமல் வந்த அந்த எண் வேறு வேலை செய்தது. பினாங்குப் பாலத்துச் சாலைத் தடுப்பில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும் இளம் இந்தியத் தொழிலாளியின் முகத்தில் அது ஒட்டிக்கொண்டது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வருகிறவனும் 71 விழுக்காட்டில் ஒருவனாகப் பார்க்கப்பட்டான். சந்தேகம் செயலைப் பற்றியதாக இருக்கும்வரை அது காவல் பணி. இனத்தைப் பற்றியதாக மாறினால், தகவல் தர வேண்டிய தெருவே வாயை மூடிக்கொள்ளும்.

இதைத் தமிழ்நாடும் கர்நாடகமும் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றன. சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனைத் தேடிய அதிரடிப்படை 2004 அக்டோபர் 18ஆம் தேதி அவரைக் கொல்லும் வரை, மலைக் கிராமங்கள் ஆண்டுக்கணக்கில் வேட்டைக்காடாக இருந்தன. ஊரார் உணவு கொடுத்தார்கள் என்ற சந்தேகத்தில் ஆண்களும் பெண்களும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் தடா சட்டத்தில் எட்டாண்டு போல மைசூரு சிறையில் கிடந்து, பெரும்பாலோர் 2001இல் குற்றமற்றவர்கள் என்று வெளியே வந்தார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் நியமித்த நீதியரசர் சதாசிவா குழு கிராமத்தாரின் வாக்குமூலங்களைக் கேட்டது. அதன் அடிப்படையில் 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. ஒரு கடத்தல்காரனைத் தேடிய கணக்கில் இந்த 89 பேரையும் எழுதித்தான் ஆக வேண்டும். அதே காலத்தில், சந்தனக் கட்டையைத் தேடி 1992 ஜூன் 20ஆம் தேதி தர்மபுரி மாவட்டம் வாச்சாத்திக்குள் புகுந்த அதிகாரிகளின் வழக்கு 2011இல்தான் தீர்ப்பைக் கண்டது. 269 பேர்மேல் குற்றச்சாட்டு, அப்போது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இரண்டிலும் உண்மை வெளியே வந்ததற்குக் காரணம், வேட்டையாடிய துறைக்கு வெளியே இருந்தவர்கள் விசாரித்தது.

விசாரணை எதைச் சாதிக்கும் என்பதற்கு லண்டன் தரும் சான்று எனக்கு இன்னும் அழுத்தமானது. 2005 ஜூலை 21ஆம் தேதி லண்டனில் வெடிக்காமல் போன குண்டுகளை வைத்தவர்களை நகரமே தேடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை ஸ்டாக்வெல் சுரங்க ரயில் நிலையத்தில், ழான் சார்ல்ஸ் டி மெனெசெஸ் என்ற பிரேசில் நாட்டு மின்பணியாளரைப் போலீசார் தலையில் ஏழு முறை சுட்டுக் கொன்றார்கள். சந்தேக நபர் ஒருவரோடு தொடர்புடைய அதே குடியிருப்பிலிருந்து அவர் வெளியே வந்தார். அவ்வளவே அவர் செய்தது. சுடுமுன் ஆயுதப் போலீஸ் என்று கத்தினோம், அவர் எங்களை நோக்கி வந்தார் என்று அதிகாரிகள் சொன்னார்கள். 2008இல் மரண விசாரணை நீதிமன்றம் பெட்டியில் இருந்த பயணிகளைக் கூப்பிட்டுக் கேட்டது. அப்படி எச்சரிக்கை எதுவும் கொடுக்கப்படவில்லை, அவர் மிரட்டும் விதமாக அதிகாரியை நோக்கி வரவும் இல்லை என்று ஜூரிகள் முடிவு செய்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, பொதுமக்களின் பாதுகாப்பைப் பேணத் தவறியதற்காக லண்டன் காவல்துறைக்கு நீதிமன்றம் 1,75,000 பவுண்டு அபராதம் விதித்திருந்தது. உண்மையில் தேடப்பட்ட உசேன் ஓஸ்மான் ஒரு வாரத்தில் ரோம் நகரில் உயிரோடு பிடிபட்டு, லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, ஆயுள் தண்டனை பெற்றார்.

ஸ்டாக்வெல்லில் உயிரோடிருந்த சாட்சிகள் இருந்தார்கள். சுங்கை நிபோங்கின் பூட்டிய வீட்டுக்குள் அப்படி யாரும் இல்லை. அங்கே தோட்டா புகுந்த கோணம், சுட்ட தூரம், கைகளில் வெடிமருந்துத் தடம், சுவரில் பட்ட குண்டுகள் ஆகியவையே பேச வேண்டும். அவற்றைப் பேச வைக்க ஒரு நீதிபதி வேண்டும்.

மலேசியாவில் அதற்கு வழி இல்லாமலில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334ஆவது பிரிவு, போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால் மாஜிஸ்திரேட் கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரலிலிருந்து மாநிலந்தோறும் மரண விசாரணைக்கெனத் தனி நீதிமன்றங்களும் வந்துவிட்டன. ஆனால் தேடுதல் வேட்டையில் சுடப்பட்டவர் சட்டப்படி காவலில் இருந்தவர் அல்ல. ஆகவே அந்தக் கட்டாயம் அவருக்குப் பொருந்துவதில்லை. மரணத்தை முதலில் ஆராய்வது காவல்துறை. காரணம் தெளிவாக இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் கருதினால் விசாரணையே இல்லாமல் கோப்பு அரசுத் தலைமை வழக்கறிஞரிடம் போகலாம். வேண்டுமானால் 339ஆவது பிரிவின்கீழ் அவர் விசாரணைக்கு உத்தரவிடலாம். கைவிலங்கு பூட்டிய பின் செத்தால் கட்டாய விசாரணை, பூட்டுமுன் செத்தால் யாரோ ஒருவரின் விருப்பம். இந்த இடைவெளிதான் என் முதன்மையான குறை.

இந்தியாவில் 2014 செப்டம்பரில் மக்கள் சிவில் உரிமைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்தது. என்கவுன்ட்டர் மரணம் ஒவ்வொன்றுக்கும் மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். சுட்ட குழுவைச் சேராத வேறு பிரிவு புலனாய்வு செய்ய வேண்டும். சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீர விருதோ கூடாது. அந்த நெறிமுறைகள் மீறப்படுவதை நாளிதழ்கள் காட்டிக்கொண்டே இருக்கின்றன. ஆனாலும் மீறலை மீறல் என்று சுட்டிக்காட்ட அங்கே ஓர் அளவுகோல் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. இங்கே 2023 ஜூலையில் செயல்படத் தொடங்கிய காவல்துறை நடத்தை ஆணையத்துக்கு, தவறு செய்த அதிகாரியைத் தானே தண்டிக்கும் அதிகாரம் இல்லை. பரிந்துரைக்கலாம், அதோடு சரி.

வேட்டையின் கருவிகளும் மாறிவிட்டன. 2019 ஜனவரியில் பினாங்கு மாநில அரசு, நாட்டிலேயே முதலாவதாக, முகத்தை அடையாளம் காணும் கண்காணிப்புக் கேமராக்களைக் காவல்துறையோடு இணைத்துத் தொடங்கி வைத்தது. குற்றவாளியைச் சுடாமல் பிடிக்க அது உதவுமானால் வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தாது. லெபோ பாசாரில் நடந்து போகிறவரின் முகத்தைக் கடைக்காரர் பதிவு செய்தால் சட்டம் கேட்கும். அரசு பதிவு செய்தால் கேட்காது. இத்தகைய மென்பொருள்கள் பலவற்றை ஆராய்ந்த அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம், ஆசிய, ஆப்பிரிக்க முகங்களைத் தவறாகப் பொருத்தும் வாய்ப்பு வெள்ளையர் முகங்களைவிடச் சிலவற்றில் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை இருப்பதாக 2019இல் அறிவித்தது. ஸ்டாக்வெல்லில் முகத்தைத் தவறாகக் கண்டது மனிதக் கண். அதே பிழையை இயந்திரம் செய்தால், அதை நம்பிக் கதவைத் தட்டும் கை தயங்குவதும் குறையும்.

உயிரோடு பிடிப்பதை ஒரு மென்மையான ஆசை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2008 பிப்ரவரியில் சிங்கப்பூர் தடுப்புக் காவல் மையத்திலிருந்து தப்பிய பயங்கரவாதச் சந்தேக நபர் மாஸ் செலாமாட்டை அந்தச் சிறு தீவே தேடியது. 2009 ஏப்ரலில் ஜொகூரில் மலேசியக் காவல்துறை அவரை உயிரோடு பிடித்தது. நம் காவல்துறைக்கு அந்தத் திறமை உண்டு. உயிரோடு பிடிபட்டவன் பேசுவான்: துப்பாக்கி எங்கிருந்து வந்தது, பணம் யாருக்குப் போனது, மேலே இருப்பவர் யார் என்பதெல்லாம் அவன் வாயில் இருக்கிறது. கூலிக்குச் சுட்ட ஐந்து பேர் செத்தால், கூலி கொடுத்தவர் நிம்மதியாகத் தூங்குவார்.

2023 ஜூலை 4ஆம் தேதி மலேசியா கட்டாய மரண தண்டனையை நீக்கியது. குற்றம் செய்யும்போது துப்பாக்கியால் சுட்டவருக்குக்கூட, தூக்கா சிறையா என்று நீதிபதி இப்போது சீர்தூக்கிப் பார்க்கலாம். நாடாளுமன்றம் நீதிபதிக்கே கட்டாயப்படுத்தாத முடிவை, விடியற்காலை நேரத்தில் ஒரு வாசலில் நிற்கும் காவலர் எடுக்க நேரும்போது, அது வேறு வழியே இல்லாத முடிவுதான் என்று யாரேனும் சரிபார்த்தாக வேண்டும்.

நாடாளுமன்றத்தில் இருக்கும் பினாங்கு உறுப்பினர்களிடமும், எல்லாக் கட்சிகளிலும் உள்ள இந்தியப் பிரதிநிதிகளிடமும் கேட்பது ஒன்றே. 334ஆவது பிரிவில் போலீஸ் காவலில் இறந்தவர் என்று இருக்கும் இடத்தில், போலீஸ் நடவடிக்கையில் இறந்தவரையும் சேருங்கள். விசாரணை திறந்த நீதிமன்றத்தில் நடக்கட்டும், குடும்பத்தின் வழக்கறிஞர் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யட்டும், முடிவு வெளியிடப்படட்டும். புதிய ஆணையமோ புதிய கட்டடமோ வேண்டியதில்லை. நீதிமன்றம் ஏற்கெனவே இருக்கிறது.